ஐந்து நானோ நொடிக்குள் ஒரு கணக்கு: 200 மெகாஹெர்ட்ஸ் சிப் உருவான விதம்

200 மெகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 20 கோடி துடிப்பு. ஒரு துடிப்புக்குக் கிடைக்கும் நேரம் 5 நானோ நொடி. ஒரு நொடியை நூறு கோடிக் கூறாக்கினால் அதில் ஐந்து கூறு. இன்றைக்குச் சாதாரண கைபேசியிலேயே இதைவிடப் பத்து மடங்கு வேகமான சிப் இருப்பதால், 200 என்ற எண் யாருக்கும் பெரிதாகத் தெரியாது. 1992-இல் நிலைமை வேறு. அப்போது கடையில் கிடைத்த பிசிக்களில் 25, 33 மெகாஹெர்ட்ஸ்தான் வழக்கம். அந்த ஆண்டின் பிற்பாதியில் இன்டெல் 66 மெகாஹெர்ட்ஸ் 486-ஐ இறக்கியபோது அதுவே பெரிய செய்தி. முதல் பென்டியம் 1993-இல் வந்தது. அதன் வேகமும் 60, 66 மெகாஹெர்ட்ஸ்தான்.

இந்தச் சூழலில், 1992 பிப்ரவரியில் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன், சுருக்கமாக டெக், ஒரு சிப்பை அறிவித்தது. பெயர் ஆல்ஃபா 21064. வேகம் 200 மெகாஹெர்ட்ஸ்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆல்ஃபா செய்யப்பட்டது 0.75 மைக்ரான் தொழில்நுட்பத்தில் (சிப்பில் வரையும் மிகச் சின்னக் கோட்டின் அளவு அது. மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). முதல் பென்டியம் 0.8 மைக்ரானில். அதாவது டிரான்சிஸ்டர்கள் ஏறக்குறைய ஒரே தலைமுறை. டெக்கின் டிரான்சிஸ்டர் கொஞ்சம் உசத்திதான், ஒத்துக்கொள்ளலாம். ஆனால் மூன்று மடங்கு உசத்தி இல்லை. அப்படியானால் மீதி வேகம் எங்கிருந்து வந்தது? வேகமான டிரான்சிஸ்டர் கையில் இருப்பது தொடக்கம் மட்டும்தான் என்பது என் கருத்து. துடிப்பைச் சிப்பின் எல்லா மூலைக்கும் ஒரே நேரத்தில் கொண்டுசேர்ப்பது, அதற்கு வேண்டிய கரண்ட்டைக் கொடுப்பது, வரும் சூட்டை வெளியேற்றுவது ஆகிய மூன்றில்தான் உண்மையான மல்லுக்கட்டு நடந்தது. ஆல்ஃபாவை வைத்து அதைப் பார்க்கலாம்.

துடிப்பு எதற்கு?

முதலில் அடிப்படை. நுண்செயலிக்குள் இரண்டு வகையான உறுப்புகள் உண்டு. ஒன்று, கணக்குப் போடும் சுற்று: கூட்டும், ஒப்பிடும், தேர்ந்தெடுக்கும். இன்னொன்று லாட்ச்: ஒரு மதிப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். லாட்ச், நடுவில் கணக்குச் சுற்று, மறுபடி லாட்ச் என்று சிப் முழுக்க இதே அமைப்புதான். துடிப்பு வரும்போது எல்லா லாட்சுகளும் ஒரே நேரத்தில் புதிய மதிப்பைப் பிடிக்கின்றன. அடுத்த துடிப்புக்குள் நடுவில் இருக்கும் சுற்று தன் வேலையை முடித்துவிட வேண்டும்.

கட்டடம் கட்டும் இடத்தில் ஆட்கள் வரிசையாக நின்று செங்கல் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். மேஸ்திரி "ம்" என்றால் எல்லோரும் ஒரே சமயத்தில் அடுத்தவர் கைக்கு மாற்ற வேண்டும். வரிசையில் பத்துப் பேர் சுறுசுறுப்பாக இருந்தாலும், ஒருவர் மெதுவாக இருந்தால் மேஸ்திரி அவர் வேகத்துக்குத்தான் "ம்" சொல்ல முடியும். சிப்பிலும் அதே கதை. இரண்டு லாட்சுகளுக்கு நடுவே இருக்கும் பாதைகளில் எது மிக நீளமோ, அதுதான் சிப்பின் வேகத்தை முடிவுசெய்யும். அந்தப் பாதையைச் சுருக்காமல் மற்ற எதைச் சுருக்கினாலும் ஒரு மெகாஹெர்ட்ஸ்கூடக் கூடாது.

வேலையைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்தால் ஒவ்வொரு கட்டமும் குறுகும். இதற்குப் பைப்லைன் என்று பெயர். 21064-இல் முழு எண் கணக்குகளுக்கு 7 கட்டங்கள், தசமக் கணக்குகளுக்கு 10. ஆனால் கட்டங்களை விருப்பம்போலக் கூட்டிக்கொண்டே போக முடியாது. ஒவ்வொரு கட்டத்திலும் லாட்ச் கொஞ்சம் நேரத்தைத் தின்கிறது. தவிர, "இந்த விடை சரியாக இருந்தால் அங்கே போ" என்ற வகைக் கட்டளை வந்து, எந்தப் பக்கம் போவது என்ற ஊகம் தப்பானால், பைப்லைனில் பாதி தூரம் வந்த வேலைகளைத் தூக்கிப் போட வேண்டும். கட்டம் கூடினால் வீணும் கூடும்.

வேண்டாம் என்று விட்டவை

ரிச்சர்ட் சைட்ஸ், ரிச்சர்ட் விடெக் ஆகிய இருவர்தான் ஆல்ஃபாவின் கட்டளைத் தொகுப்பை வடிவமைத்தவர்கள். அவர்கள் வைத்த இலக்கு பெரியது: இந்த வடிவமைப்பு 25 ஆண்டுகள் தாங்க வேண்டும், அதற்குள் 1000 மடங்கு வேகம் பெற வேண்டும். துடிப்பு வேகத்தில் 10 மடங்கு, ஒரே துடிப்பில் பல கட்டளைகளை ஓட்டுவதில் 10 மடங்கு, பல சிப்களைச் சேர்த்து வேலை வாங்குவதில் 10 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் 1000.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, துடிப்பு நேரத்தைத் தின்னக்கூடிய எதையும் அவர்கள் சந்தேகத்தோடு பார்த்தார்கள். மற்ற செயலிகளில் கடைசிக் கணக்கின் விடை பூச்சியமா, எதிர்ம எண்ணா என்பதைக் குறித்து வைக்கும் கொடிகள் உண்டு. ஆல்ஃபாவில் அவை இல்லை. எல்லாக் கட்டளைகளும் ஒரே இடத்தைத் தொட்டால், இரண்டு கட்டளைகளை ஒன்றாக ஓட்டும்போது ஒன்றுக்காக இன்னொன்று காத்திருக்க வேண்டி வரும் அல்லவா? ஒப்பீட்டின் விடையைச் சாதாரண ரெஜிஸ்டர் (செயலிக்குள் எண்களை வைக்கும் சின்ன இடம்) ஒன்றிலேயே போட்டுவிட்டார்கள்.

இன்னும் துணிச்சலான ஒன்று: நினைவகத்திலிருந்து ஒற்றை பைட்டைப் படிக்கும், எழுதும் கட்டளையே கிடையாது. 32 பிட் அல்லது 64 பிட்டாக எடுத்துக்கொண்டு, வேண்டிய பைட்டை நீங்களே தனிக் கட்டளைகளால் பிரித்தெடுக்க வேண்டும். நிரல் எழுதுபவர்கள் முணுமுணுத்தார்கள் என்றால் ஆச்சரியமில்லை. ஆனால் காரணம் இருந்தது. கேச்சிலிருந்து, அதாவது அடிக்கடி வேண்டியதைச் சிப்புக்குப் பக்கத்திலேயே வைக்கும் சின்ன வேக நினைவகத்திலிருந்து, தரவு வரும் பாதை ஏற்கெனவே நீளமானது. பைட்டை நகர்த்திச் சரியான இடத்தில் வைக்கும் சுற்றையும் அதே பாதையில் சேர்த்தால், எப்போதோ ஒருமுறை பைட் படிப்பதற்காக எல்லாத் துடிப்புகளும் நீள வேண்டும். பிழை திருத்தும் குறியீட்டோடு இருக்கும் நினைவகத்தில் ஒற்றை பைட்டை எழுதுவதும் இலேசில்லை. முழுச் சொல்லையும் படித்து, மாற்றி, திரும்ப எழுத வேண்டும். ஆனாலும் நடைமுறையில் இந்த முடிவு நீடிக்கவில்லை. 1996-இல் வந்த 21164ஏ சிப்பில் பைட் கட்டளைகளைச் சேர்த்துவிட்டார்கள். கையில் சாமர்த்தியமான சுற்று இருந்தும், வெளியில் இருக்கும் மென்பொருளோடு மல்லுக்கட்ட முடியாது என்பதை அவர்களும் கண்டிருக்க வேண்டும்.

ஒரு கூட்டல்

64 பிட் எண்கள் இரண்டைக் கூட்டுவதை எடுத்துக்கொள்வோம். பள்ளியில் படித்த முறையில் வலது ஓரத்தில் தொடங்கி, மிச்சத்தை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோவோம். சிப்பிலும் இப்படிச் செய்யலாம். ஆனால் மிச்சம் 64 இடங்களைத் தாண்ட வேண்டும். ஒரு இடத்தைத் தாண்ட 0.1 நானோ நொடி என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 6.4 நானோ நொடி. நம்மிடம் இருப்பதோ 5. அதிலும் லாட்சுகளுக்கும் மற்றவற்றுக்கும் பங்கு போக வேண்டும்.

ஆல்ஃபா பொறியாளர்கள் பல உத்திகளைக் கலந்து இதைச் சமாளித்தார்கள். அதில் ஒன்று புரிந்துகொள்ள எளிது. மேல் பாதியைக் கூட்டும்போது, கீழ்ப் பாதியிலிருந்து மிச்சம் வருமா வராதா என்று தெரியாது. அதனால் காத்திருக்க வேண்டாம். இரண்டு விதமாகவும் கூட்டி வைத்துக்கொள்ளலாம். மிச்சம் வந்தால் ஒரு விடை, வராவிட்டால் இன்னொரு விடை. கீழ்ப் பாதி முடிந்ததும் இரண்டில் சரியானதைத் தேர்ந்தெடுத்தால் போதும். டிரான்சிஸ்டர்கள் கூடுதலாகச் செலவாகும், நேரம் மிச்சமாகும். வேகமான சிப்களின் வடிவமைப்பில் இந்தப் பேரம் திரும்பத் திரும்ப வரும்: இடத்தைக் கொடுத்து நேரத்தை வாங்குவது.

எல்லா மூலைக்கும் ஒரே துடிப்பு

இப்போது கடினமான பகுதிக்கு வருவோம். 21064-இன் அளவு 16.8 மில்லிமீட்டருக்கு 13.9 மில்லிமீட்டர். அதில் 16 லட்சத்து 80 ஆயிரம் டிரான்சிஸ்டர்கள். துடிப்புச் சைகை இந்தப் பரப்பு முழுக்க இருக்கும் லாட்சுகளை ஒரே நேரத்தில் எட்ட வேண்டும்.

சின்னத் துண்டுதானே, மின்சாரம் நொடியில் போய்விடாதா என்று தோன்றும். சிப்புக்குள் இருக்கும் கம்பிகள் மிக மெல்லியவை, அதனால் மின்தடை அதிகம். அதோடு பக்கத்துக் கம்பிகளுக்கும் கீழே இருக்கும் சிலிக்கானுக்கும் நடுவே கெப்பாசிட்டன்ஸும், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மையும், சேர்கிறது. ஒவ்வொரு முறையும் இந்தக் கெப்பாசிட்டன்ஸை நிரப்பினால்தான் மறுமுனையில் வோல்டேஜ் ஏறும். இந்த வகைக் கம்பியில் நீளம் இரண்டு மடங்கானால் தாமதம் நான்கு மடங்காகும். எனவே துடிப்புக்காக அகலமான கம்பிகளை உலோக அடுக்குகளில் வலையாகப் பின்னி, சிப்பின் மேல் விரித்தார்கள். எந்த லாட்சும் இந்த வலையிலிருந்து தூரமாக இருக்காது.

வலையை விரித்தாயிற்று, அதைத் தள்ள ஆள் வேண்டுமே! துடிப்பு வலையின் மொத்தக் கெப்பாசிட்டன்ஸ் சுமை 3.25 நானோஃபாரட். சாதாரணச் சுற்றுக் கணக்கில் இது மிகச் சின்ன எண். ஒரு சிப்புக்குள், ஒரே கம்பி வலைக்கு, இது பூதாகரமானது. இதை அரை நானோ நொடிக்குள் பூச்சியத்திலிருந்து 3.3 வோல்ட்டுக்கு ஏற்ற வேண்டும். அதற்காகச் சிப்பின் நடுவில் ஒரு பட்டையாக இயக்கிச் சுற்று வைத்தார்கள். அதன் கடைசிக் கட்ட டிரான்சிஸ்டர்களின் அகலத்தை ஒன்றுசேர்த்தால் சுமார் 35 சென்டிமீட்டர். சிப்பின் நீளமே 1.7 சென்டிமீட்டர்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்! பல துண்டுகளாக வெட்டி, பக்கத்தில் பக்கத்தில் அடுக்கித்தான் அந்த 35 சென்டிமீட்டரை உள்ளே வைத்திருக்கிறார்கள். சிப்பின் மொத்த மின்சாரத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் துடிப்பு சார்ந்த வேலைக்கே போனது. கணக்குப் போடும் இயந்திரம், "இப்போது போடு" என்று சொல்வதற்கே பாதிக்கு நெருக்கமாகச் செலவழித்தது.

எவ்வளவு செய்தாலும் துடிப்பு சில இடங்களை முன்னால் எட்டும், சில இடங்களைப் பின்னால் எட்டும். இந்த வித்தியாசத்தால் இரண்டு விதமான கோளாறு வரும். இரண்டும் வேறு வேறு குணம் கொண்டவை. புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் முதலாவதை மட்டும் தெரிந்துவைத்திருப்பார்கள்.

முதலாவது: பாதை நீளம். கணக்கு முடிவதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிட்டது. விடை தப்பாகும். இதற்கு மருந்து சுலபம். துடிப்பை மெதுவாக்கினால் போதும். 200-இல் ஓடாத சிப்பை 150-இல் ஓட்டி விற்கலாம்.

இரண்டாவது: பாதை மிகவும் குட்டை. ஒரு லாட்ச், அதற்குப் பக்கத்தில் அடுத்த லாட்ச், நடுவில் வேலை எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். துடிப்பு முதல் லாட்சை உடனே எட்டுகிறது. இரண்டாவதைக் கொஞ்சம் தாமதமாக எட்டுகிறது. முதல் லாட்ச் தன் புதிய மதிப்பை வெளியிட்டு, அது விறுவிறுவென்று ஓடி, இரண்டாவது லாட்ச் மூடுவதற்கு முன்பே உள்ளே புகுந்துவிடுகிறது. இரண்டாவது லாட்ச் பழைய மதிப்பைப் பிடித்திருக்க வேண்டும், புதியதைப் பிடித்துவிட்டது. ஒரே துடிப்பில் தரவு இரண்டு கட்டம் தாவிவிட்டது. இப்போது துடிப்பை மெதுவாக்கிப் பாருங்கள். எந்தப் பயனும் இல்லை, ஏனென்றால் கோளாறு ஒரே துடிப்பின் விளிம்பில் நடக்கிறது. அடுத்த துடிப்பு எப்போது வந்தாலும் அதற்குச் சம்பந்தமில்லை. அந்தச் சிப்பை எந்த வேகத்திலும் விற்க முடியாது. வடிவமைப்பைத் திருத்தி மறுபடி தயாரிக்க வேண்டும், அதற்கு வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ ஆகும்.

இந்தப் பயத்தால் பழைய வடிவமைப்புகளில் ஒன்றோடொன்று மேற்படாத இரண்டோ அதற்கு மேற்பட்டோ துடிப்புகளைத் தனித்தனிக் கம்பியில் அனுப்புவார்கள். ஒரு துடிப்பு முழுதாக அடங்கிய பிறகுதான் அடுத்தது எழும். பாதுகாப்பானது, ஆனால் நடுவில் விடும் இடைவெளி வீண். 5 நானோ நொடியில் வீணாக்க இடமில்லை என்று டெக் பொறியாளர்கள் ஒற்றைக் கம்பித் துடிப்புக்கு மாறினார்கள். ஸ்வீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் யுவான், ஸ்வென்சன் இருவரும் உருவாக்கிய லாட்ச் வகையை எடுத்து, தங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். அதற்கும் ஒரு நிபந்தனை இருந்தது: துடிப்பு மளமளவென்று ஏறி இறங்க வேண்டும். மெதுவாக ஏறினால், பாதி வோல்டேஜில் நிற்கும் அந்தக் கணத்தில் அடுத்தடுத்த லாட்சுகள் இரண்டும் அரைகுறையாகத் திறந்திருக்கும். தரவு வழுக்கிப் போய்விடும். அந்த 35 சென்டிமீட்டர் இயக்கியும் அரை நானோ நொடி விளிம்பும் ஆடம்பரத்துக்கு வைத்தவை அல்ல என்பது இப்போது புரியும். ஆல்ஃபா வரிசையில் பிறகு ஒரு விதியும் பழக்கத்துக்கு வந்தது: எந்த இரண்டு லாட்சுகளுக்கு நடுவிலும் குறைந்தது ஒரு கேட், அதாவது கணக்குச் சுற்றின் மிகச் சின்ன அலகு, இருக்க வேண்டும். வேகத்துக்காக ஒவ்வொரு கேட்டையும் பிடுங்கி எறிந்தவர்கள், தரவு முந்திவிடாமல் இருக்க வேண்டுமென்றே ஒரு கேட்டை வைத்தார்கள்.

கரண்ட் எங்கிருந்து வரும்?

3.25 நானோஃபாரட்டை 3.3 வோல்ட்டுக்கு ஏற்ற வேண்டிய மின்னூட்டம் சுமார் 10.7 நானோகூலும். அதை அரை நானோ நொடியில் தள்ள, சராசரியாக 21 ஆம்பியர் வேண்டும். வீட்டு ஏசிக்கே 10 ஆம்பியருக்குள்தான் ஆகும். இந்த 21 ஆம்பியர் தொடர்ந்து ஓடுவதில்லை. துடிப்பு ஏறும் அந்த அரை நானோ நொடிக்கு மட்டும் ஓடி, நின்றுவிடும். நொடிக்கு 20 கோடி முறை.

நிற்பதும் ஓடுவதும்தான் சிக்கல். எந்தக் கம்பியிலும் இண்டக்டன்ஸ் உண்டு, அது கரண்ட் திடீரென்று மாறுவதை எதிர்க்கும். சிப் அமர்ந்திருந்த உறையில் 431 ஊசிகள். அதில் 291 சைகைகளுக்கு, மீதி 140 கரண்ட் வரவும் போகவும் மட்டும். மூன்றில் ஒரு ஊசி மின்சாரத்துக்கே போனது ஏன் என்று ஒரு கணக்குப் போட்டால் தெரியும். வரும் பக்கம் 70 ஊசிகள், ஒவ்வொன்றிலும் 5 நானோஹென்றி இண்டக்டன்ஸ் என்று வைத்துக்கொள்வோம். எழுபதும் இணையாக இருப்பதால் மொத்தம் 0.07 நானோஹென்றி. 21 ஆம்பியர் அரை நானோ நொடியில் எழுந்தால், இந்த 0.07-இல் விழும் வோல்டேஜ் ஏறக்குறைய 3 வோல்ட். நம் மொத்த மின்வழங்கலே 3.3 வோல்ட்! அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் சிப்புக்கு மின்சாரமே இல்லாமல் போயிருக்கும்.

எனவே துடிப்புக்கான கரண்ட் வெளியிலிருந்து வரக் கூடாது, சிப்புக்குள்ளேயே சேமித்து வைத்திருக்க வேண்டும். டிரான்சிஸ்டரைத் திறந்து மூடும் முனைக்கும் (இதற்கும் கேட் என்றுதான் பெயர்) சிலிக்கானுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய ஆக்சைடு அடுக்கையே பயன்படுத்தி, சிப்பின் மேலேயே கெப்பாசிட்டர்கள் அமைத்தார்கள். மொத்தம் 128 நானோஃபாரட். அதில் நல்ல பங்கை இயக்கிச் சுற்றை ஒட்டியே வைத்தார்கள். 10.7 நானோகூலும் மின்னூட்டத்தை 128 நானோஃபாரடிலிருந்து எடுத்தால் வோல்டேஜ் 0.1-க்கும் குறைவாகவே இறங்கும். அடுத்த துடிப்புக்குள் ஊசிகள் வழியாக நிதானமாக மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். கணக்கு எதுவும் போடாத, சும்மா நிற்கும் கெப்பாசிட்டர்களுக்கு விலையுயர்ந்த சிலிக்கானில் இவ்வளவு இடம் ஒதுக்கியதுதான் இந்தச் சிப்பில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு.

சூடு

ஆல்ஃபா போன்ற சிமாஸ் வகைச் சிப்பில் மின்செலவுக்கு ஒரு எளிய சூத்திரம் உண்டு: கெப்பாசிட்டன்ஸ், வோல்டேஜின் வர்க்கம், துடிப்பு வேகம் மூன்றையும் பெருக்க வேண்டும். 21064-இல் ஒவ்வொரு துடிப்பிலும் மாறும் மொத்தக் கெப்பாசிட்டன்ஸ் சுமார் 12.5 நானோஃபாரட். 3.3-இன் வர்க்கம் 10.89. இரண்டையும் 20 கோடியால் பெருக்கினால் 27 வாட் வருகிறது. டெக் வெளியிட்ட எண் 30 வாட். சூத்திரம் இவ்வளவு நெருங்கி வருவதைப் பார்க்கும்போது ஒரு திருப்தி.

அதே சூத்திரம், டெக் ஏன் 5 வோல்ட்டை விட்டு 3.3-க்கு வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறது. அன்றைய சிப் உலகம் பெரும்பாலும் 5 வோல்ட்டில்தான் ஓடியது. 5-இன் வர்க்கம் 25, கிட்டத்தட்ட 2.3 மடங்கு. 30 வாட் 69 வாட்டாகியிருக்கும். அதைக் குளிர்விக்க 1992-இல் மேசைக் கணினிக்குள் வழியே இல்லை. 30 வாட்டுக்கே சாதாரண உறை போதவில்லை. பீங்கான் உறைக்குள் டங்ஸ்டன் கலந்த உலோகத் தகடு வைத்து, அதிலிருந்து இரண்டு திருகாணிகளை வெளியே நீட்டி, வெப்பம் கடத்தும் பெரிய அலுமினியத் தகட்டை நட்டுப் போட்டு முடுக்கினார்கள். நுண்செயலியில் நட்டு போல்ட்டு இருப்பது அப்போது பார்த்தவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும்.

இதற்கு முன் வேகம் என்றால் ஈசிஎல் என்ற வேறு வகைச் சுற்றுதான். 1976-இல் வந்த கிரே-1 சூப்பர் கணினி அதில்தான் 80 மெகாஹெர்ட்ஸ் எட்டியது. கம்பிகள் நீளாமல் இருக்க அதன் உடலையே ஆங்கில சி எழுத்தைப் போல வளைத்தார்கள், ஃப்ரியான் ஓட்டிக் குளிர்வித்தார்கள், 115 கிலோவாட் இழுத்தது. ஈசிஎல் சுற்று வேலை செய்தாலும் சும்மா இருந்தாலும் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும். சிமாஸ் மாறும்போது மட்டும்தான் குடிக்கும். சிமாஸில் இந்த வேகம் வராது என்ற பொது நம்பிக்கையை ஆல்ஃபா உடைத்ததால்தான் அதை இன்னமும் பேசுகிறோம்.

நினைவகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணினியின் முதன்மை நினைவகமான அன்றைய டிராம் ஒரு தரவைக் கொடுக்க 60 முதல் 80 நானோ நொடி எடுத்துக்கொண்டது. 80 என்றால் 16 துடிப்புகள். ஆல்ஃபா ஒரு துடிப்பில் இரண்டு கட்டளைகளை ஓட்டக்கூடியது, எனவே ஒருமுறை டிராமுக்குப் போய்வந்தால் 32 கட்டளைகளுக்கான நேரம் போச்சு. சிப்புக்குள் கட்டளைகளுக்கு 8 கிலோபைட், தரவுக்கு 8 கிலோபைட் என்று இரண்டு கேச்கள் வைத்தார்கள், வெளியே இன்னொரு பெரிய கேச்சுக்கு வழி விட்டார்கள். இது அன்று தொடங்கிய தலைவலி, இன்றும் தீரவில்லை.

சரி, ஓடுமா?

இவ்வளவு துணிச்சலான சுற்றுகளை நேராக முழுச் சிப்பில் போட்டுப் பார்ப்பது ஆபத்து. டெக் முதலில் ஈவி3 என்ற முன்மாதிரியைச் செய்தது. பழைய 1 மைக்ரான் தொழில்நுட்பம், தசமக் கணக்குப் பிரிவு கிடையாது, கேச்கள் ஒவ்வொன்றும் 1 கிலோபைட் மட்டும். இந்தத் துடிப்பு முறையும் லாட்சுகளும் நிஜச் சிலிக்கானில் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பதுதான் முதல் நோக்கம். இரண்டாவது நோக்கம் மென்பொருள்காரர்களுக்கு. இந்தச் சிப்களை வைத்து ஒரு சோதனைக் கணினி கட்டி, உண்மையான ஆல்ஃபா வருவதற்கு முன்பே இயங்குதளங்களை அதில் ஓட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஈவி4 என்ற பெயரில் 21064 வந்தபோதும் எல்லாச் சிப்பும் 200-ஐத் தொடவில்லை. ஒரே வடிவமைப்பு, ஒரே தொழிற்சாலை என்றாலும் ஒரு சிப்பில் ஆக்சைடு சற்றுத் தடிமனாக இருக்கும், இன்னொன்றில் டிரான்சிஸ்டர் சற்று நீளமாக இருக்கும். சோதித்துப் பார்த்து வேகவாரியாகப் பிரிப்பார்கள். 1992-இல் வந்த டெக் 3000 வரிசையில் மாடல் 400 கணினி 133 மெகாஹெர்ட்ஸில் ஓடியது, மாடல் 500 கணினி 150-இல். மேலே சொன்ன முதல் வகைக் கோளாறுதான் இங்கே பிழைக்க வழி விடுகிறது: நீளமான பாதை மெதுவான துடிப்பில் சரியாகிவிடும். குட்டைப் பாதைக் கோளாறு ஒன்று மிச்சம் இருந்திருந்தால் 133-இலும் ஓடியிருக்காது.

அடுத்து வந்த 21164-இல் 93 லட்சம் டிரான்சிஸ்டர்கள், 300 மெகாஹெர்ட்ஸ், 50 வாட். நடுவில் இருந்த ஒற்றை இயக்கிப் பட்டையால் சூடு ஒரே இடத்தில் குவிந்தது. எனவே இரண்டாகப் பிரித்துத் தள்ளி வைத்தார்கள். துடிப்புக்கு மட்டும் 20 வாட் போனது. அதற்கடுத்த 21264-இல் 600 மெகாஹெர்ட்ஸை எட்டியபோது பழைய வழி போதவில்லை. வேலை இல்லாத பகுதிகளுக்குத் துடிப்பை நிறுத்தி வைக்கும்படி, வலைக்குக் கீழே இன்னொரு நிலைத் துடிப்புகளை அமைத்தார்கள். சிப்புக்குள் வைத்த 320 நானோஃபாரட் கெப்பாசிட்டர்களும் போதாமல், சிப்பின் மேலேயே இன்னொரு 2 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் துண்டை ஒட்டிக் கம்பி இழுத்தார்கள்.

21064 குழுவுக்குத் தலைமை தாங்கிய டான் டாபர்புல் இதற்கிடையில் எதிர்த்திசையில் போனார். அவர் குழுவினர் 1996-இல் வெளியிட்ட ஸ்ட்ராங்ஆர்ம் சிப்பில் அதே சூத்திரம், அதே வகைச் சுற்று அனுபவம், ஆனால் இலக்கு தலைகீழ்: வாட்டைக் குறைக்க வேண்டும். வோல்டேஜை, அவர்கள் ஒப்பிட எடுத்துக்கொண்ட ஆல்ஃபா சிப்பின் 3.45-இலிருந்து 1.5-க்கு இறக்கினார்கள், வர்க்கக் கணக்கில் அது ஒன்றே ஐந்து மடங்குக்கு மேல் மிச்சம். தேவையில்லாத உறுப்புகளை நீக்கினார்கள், டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினார்கள், துடிப்புச் சுமையைக் குறைத்தார்கள். கடைசியில் 160 மெகாஹெர்ட்ஸ், அரை வாட். அடுத்த ஆண்டு ஆப்பிளின் நியூட்டன் மெசேஜ்பேட் 2000 கையடக்கக் கருவி இந்தச் சிப்போடு வந்தது. அதற்கு நான்கு பென்சில் பேட்டரி போதும்.